ஆங்கிலப் பெயரடைகளும் அவற்றைத் தொடரும் முன்னிடைச்சொற்களும்

ஆங்கிலத்தில் பல பெயரடைகள் தமக்குப் பின் வரும் பெயர்ச்சொல்லோடு நேராகச் சேர்வதில்லை. இடையில் ஒரு முன்னிடைச்சொல் வந்து இரண்டையும் இணைக்கிறது. ‘அஃப்ரெய்ட் ஆஃப்’, ‘குட் அட்’, ‘மேரீட் டு’, ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘ஃபேமஸ் ஃபார்’ ஆகியவை இத்தகைய இணைகள். எந்தப் பெயரடைக்கு எந்த முன்னிடைச்சொல் என்பதைப் பெரும்பாலும் வழக்குத்தான் முடிவு செய்கிறது. சிலவற்றுக்குக் காரணம் சொல்லலாம். பலவற்றைப் பழகித்தான் அறிய வேண்டும்.

பள்ளி இலக்கணத்தில் அட்ஜெக்டிவ் எனப் படித்ததே பெயரடை. பிரபோசிஷன் எனப் படித்ததே முன்னிடைச்சொல். இக்கட்டுரையில் ஆங்கிலத் தொடர்கள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. வாய்விட்டுப் படித்தால் இணைகள் காதில் பதியும். இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை கண்ணைவிடக் காதே நல்ல ஆசிரியர்.

ஒரு சிறு சொல் செய்யும் வேலை

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் விடுப்புக் கடிதம் எழுதினான். அவனுடைய அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை. ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் மை மதர்’ என்று எழுதியிருந்தான். அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று கவலையாக இருக்கிறது என்பதே அவன் சொல்ல வந்தது. எழுதியதோ, ‘அம்மாவைக் கண்டால் எனக்குப் பயம்’ என்றாகிவிட்டது. கடிதத்தைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். அதன்பின் நெடுநாள் அவன் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை.

அவன் எழுத வேண்டியது ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் ஃபார் மை மதர்’. யாரைக் கண்டு பயமோ அவருக்கு முன் ‘ஆஃப்’ வரும். யாருக்குத் தீங்கு நேருமோ என்று பயமோ அவருக்கு முன் ‘ஃபார்’ வரும். தவறு ஒரே ஒரு சொல்லில்தான்; ஆனால் பாசம் அச்சமாக மாறிவிட்டது. இது கவனக்குறைவால் வந்த பிழையன்று. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் எவருக்கும் இயல்பாக வரக்கூடியது. அதன் வேர் எங்கே என்று தெரிந்துகொண்டால் திருத்துவது எளிது.

தமிழ் உருபும் ஆங்கில முன்னிடைச்சொல்லும்

பெயர்ச்சொல்லுக்கும் வாக்கியத்தின் பிற பகுதிக்கும் உள்ள உறவைத் தமிழில் வேற்றுமை உருபுகள் காட்டுகின்றன. ஐ, ஆல், ஓடு, கு, இல், இருந்து முதலியவை பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். மேல், விட, பற்றி போன்ற சொற்களும் பெயருக்குப் பின்னால்தான் வரும். ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கிறது.

இட வேறுபாடு பெரிய சிக்கல் அன்று. சில மாதங்களில் பழகிவிடும். உண்மையான சிக்கல் பொருத்தத்தில் இருக்கிறது. ‘இல்’ என்றால் ‘இன்’, ‘கு’ என்றால் ‘டு’, ‘மேல்’ என்றால் ‘ஆன்’, ‘ஓடு’ என்றால் ‘வித்’ என்று தொடக்க வகுப்பில் கற்றுக்கொள்கிறோம். ‘பெட்டியில்’, ‘பள்ளிக்கு’, ‘மேசை மேல்’, ‘நண்பனோடு’ போன்ற இடங்களில் இது சரியாக அமைகிறது. இவை கண்ணால் காணும் இடத்தையும் சேர்க்கையையும் குறிப்பவை. பெயரடையோடு வரும்போது முன்னிடைச்சொல் பெரும்பாலும் இடத்தைக் குறிப்பதில்லை. மன உறவையோ தகுதியையோ குறிக்கிறது. அங்கே இந்தக் கணக்கு பிசகுகிறது.

சில இடங்களில் தமிழ் வழி சரியாகவே கொண்டு சேர்க்கும். இசையில் ஆர்வம் என்பது ‘இன்ட்ரஸ்டட் இன் மியூசிக்’. ஊரிலிருந்து தொலைவு என்பது ‘ஃபார் ஃப்ரம் தி டவுன்’. உடம்புக்கு நல்லது என்பது ‘குட் ஃபார் ஹெல்த்’. வேறு சில இடங்களில் அதே வழி தவறான வாசலில் கொண்டுபோய் விடும். அவற்றைக் கீழே காணலாம்.

கணக்கில் கெட்டிக்காரி: ‘இல்’ இருப்பதால் ‘குட் இன் மேத்ஸ்’ என்று வருகிறது. பொது வழக்கு ‘குட் அட் மேத்ஸ்’. பாடப் பெயருக்கு முன் ‘குட் இன்’ என்பதும் அமெரிக்க வழக்கில் உண்டு. ஆனால் எங்கும் ஏற்கப்படுவது ‘அட்’.

என் மேல் கோபம்: ‘மேல்’ இருப்பதால் ‘ஆங்ரி ஆன் மி’ என்று வருகிறது. சரியானது ‘ஆங்ரி வித் மி’.

அவரோடு திருமணம்: ‘ஓடு’ இருப்பதால் ‘மேரீட் வித்’ என்று வருகிறது. சரியானது ‘ஷி இஸ் மேரீட் டு எ டாக்டர்’. ‘மேரீட் வித் டூ சில்ட்ரன்’ என்ற தொடரும் வழக்கில் உண்டு. அதன் பொருள் வேறு: திருமணமானவர், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தம்பி மேல் பொறாமை: ‘ஜெலஸ் ஆன்’ தவறு, ‘ஜெலஸ் ஆஃப் ஹிஸ் பிரதர்’ சரி.

தண்ணீரால் நிறைந்த குடம்: ‘ஃபுல் வித் வாட்டர்’ தவறு; ‘ஃபுல் ஆஃப் வாட்டர்’ சரி. ‘ஃபில்ட்’ என்று சொன்னால் மட்டும் ‘ஃபில்ட் வித் வாட்டர்’. பொருள் ஏறத்தாழ ஒன்றே; சொல் மாறியதும் துணையும் மாறிவிடுகிறது.

என்னைவிட மூத்தவர்: ‘சீனியர் தேன் மி’ தவறு, ‘சீனியர் டு மி’ சரி. இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு; பின்னர் விளக்கப்படுகிறது.

‘எனக்கு’ என்று தொடங்கும் உணர்ச்சிகள்

தமிழில் உணர்ச்சியைச் சொல்லும்போது உணர்பவர் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையில் வருகிறார்: எனக்குப் பயம், எனக்குக் கோபம், எனக்கு ஆர்வம், எனக்கு வெட்கம். உணர்ச்சி ஒரு பெயர்ச்சொல். அது நம்மிடம் வந்து சேர்வதுபோல் வாக்கியம் அமைகிறது.

ஆங்கிலத்தில் உணர்பவரே எழுவாய். உணர்ச்சி அவரது தன்மையைக் கூறும் பெயரடை. ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’, ‘ஐ ஆம் ஆங்ரி’, ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டட்’, ‘ஐ ஆம் அஷேம்ட்’ என்று வருகிறது. எனவே உணர்ச்சிக்குக் காரணமான பொருளைச் சேர்க்க ஒரு தனிச்சொல் தேவைப்படுகிறது. அந்தப் பணியைத்தான் முன்னிடைச்சொல் செய்கிறது. பாம்பு என்றால் எனக்குப் பயம் என்பதில் ‘எனக்கு’ எழுவாயாகவும், ‘பயம்’ பெயரடையாகவும், ‘பாம்பு என்றால்’ என்பது ‘ஆஃப் ஸ்னேக்ஸ்’ ஆகவும் மாறுகின்றன: ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் ஸ்னேக்ஸ்’. மூன்று மாற்றங்களும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். இதை முதலிலேயே விளக்கிவிட்டால் பாதிப் பிழை குறையும்.

தமிழிலும் இதே நிலைமைதான்

ஆங்கிலத்தில்தான் இப்படிக் காரணமில்லாத வழக்குகள் என்று எண்ண வேண்டாம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே இருக்கிறது. ஒரு வேற்றுமை வரவேண்டிய இடத்தில் இன்னொன்று வருவதை அது ஆராய்கிறது. அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் பொருந்தும் என்று அங்கே விதி கூறப்பட்டுள்ளது. அதன்படி ‘புலியின் அஞ்சினான்’, ‘புலியை அஞ்சினான்’ என இரண்டும் ஒரே பொருளில் வரலாம். இன்றைய பேச்சில் நாம் ‘நாய்க்குப் பயப்படுகிறான்’ என்று நான்காம் வேற்றுமையைப் போடுகிறோம். தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டவர், ‘நாயிலிருந்து பயப்படுகிறான் என்று ஏன் சொல்லக்கூடாது?’ என்று கேட்டால், வழக்கு அப்படி என்றுதான் நாமும் சொல்லுவோம்.

முன்னிடைச்சொல் எப்போது தேவை

பெயரடை பெயருக்கு முன்னால் அடையாக நின்றால் முன்னிடைச்சொல் தேவையில்லை: ‘எ ப்ரௌட் ஃபாதர்’, பெருமை கொண்ட தந்தை. பயனிலையில் வந்து, எதைக் குறித்து என்று சொல்ல வேண்டியிருந்தால் தேவை: ‘தி ஃபாதர் இஸ் ப்ரௌட் ஆஃப் ஹிஸ் டாட்டர்’, தந்தைக்கு மகளை நினைத்துப் பெருமை. எதைக் குறித்து என்று சொல்லாவிட்டால் ‘ஹி இஸ் ப்ரௌட்’ என்றே முடிக்கலாம். ஆனால் அப்போது, அவர் கர்வம் பிடித்தவர் என்றும் பொருள்படக்கூடும். ‘ஃபாண்ட்’ போன்ற சில பெயரடைகள் பயனிலையில் தனித்து நிற்க மாட்டா. ‘ஷி இஸ் ஃபாண்ட்’ என்று நிறுத்தினால் வாக்கியம் குறைபட்டு நிற்கும். ‘ஷி இஸ் ஃபாண்ட் ஆஃப் ஸ்வீட்ஸ்’ என்று முடிக்க வேண்டும்.

முன்னிடைச்சொல் வாரியான தொகுப்பு

ஆஃப்: உணர்ச்சி, அறிவு, நிறைவு ஆகியவற்றைக் குறிக்கும் பெயரடைகள் பல இதனோடு சேரும். ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ அச்சம், ‘ப்ரௌட் ஆஃப்’ பெருமை, ‘அஷேம்ட் ஆஃப்’ வெட்கம், ‘ஃபாண்ட் ஆஃப்’ விருப்பம், ‘அவேர் ஆஃப்’ அறிந்திருத்தல், ‘ஷ்யூர் ஆஃப்’ உறுதி, ‘கேப்பபிள் ஆஃப்’ ஆற்றல் உடைமை, ‘ஃபுல் ஆஃப்’ நிறைந்திருத்தல், ‘ஷார்ட் ஆஃப்’ பற்றாக்குறை. இந்தத் தொகுதியே பெரியது. முதலில் கற்க வேண்டியதும் இதுவே.

அட்: திறமையையும் திறமைக் குறைவையும் குறிக்கும் பெயரடைகளுக்கு உரியது. ‘குட் அட் குக்கிங்’, ‘பேட் அட் ஸ்பெல்லிங்’, ‘க்விக் அட் ஃபிகர்ஸ்’. வியப்பு, அதிர்ச்சிக்கும் வரும்: ‘சர்ப்ரைஸ்ட் அட் தி நியூஸ்’. இங்கே ‘பை’ என்றும் சொல்லலாம்.

வித்: மன நிறைவு, பழக்கம், கோபம் ஆகியவற்றுக்கு வரும். ‘சாட்டிஸ்ஃபைட் வித்’, ‘ப்ளீஸ்ட் வித்’, ‘ஃபெமிலியர் வித்’, ‘பிஸி வித்’, ‘ஆங்ரி வித்’, ‘போர்ட் வித்’. இளையோர் ‘போர்ட் ஆஃப்’ என்றும் இப்போது பரவலாகச் சொல்கிறார்கள். தேர்வுத்தாளில் ‘வித்’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

டு: ஒப்புமை, நெருக்கம், பிறரிடம் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றுக்கு உரியது. ‘சிமிலர் டு’, ‘ஈக்வல் டு’, ‘க்ளோஸ் டு’, ‘கைண்ட் டு’, ‘பொலைட் டு’, ‘லாயல் டு’, ‘மேரீட் டு’, ‘அலர்ஜிக் டு’. தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதற்கு ‘ஐ ஆம் அலர்ஜிக் டு டஸ்ட்’.

ஃபார்: பயன், தகுதி, புகழ், பொறுப்பு ஆகியவற்றைக் குறிக்கும். ‘ஃபேமஸ் ஃபார்’, ‘ரெடி ஃபார்’, ‘ஃபிட் ஃபார்’, ‘எலிஜிபிள் ஃபார்’, ‘ரெஸ்பான்ஸிபிள் ஃபார்’, ‘லேட் ஃபார்’. வகுப்புக்குத் தாமதம் என்பதற்கு ‘லேட் டு கிளாஸ்’ என்றும் அமெரிக்க வழக்கில் கேட்கலாம். ‘லேட் ஃபார் கிளாஸ்’ எங்கும் செல்லும்.

ஃப்ரம்: பிரிவு, வேறுபாடு, விடுதலை. ‘டிஃப்ரன்ட் ஃப்ரம்’, ‘ஆப்சென்ட் ஃப்ரம்’, ‘ஃப்ரீ ஃப்ரம்’, ‘சேஃப் ஃப்ரம்’, ‘ஃபார் ஃப்ரம்’.

இன், ஆன்: ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘ரிச் இன் புரோட்டீன்’, ‘வீக் இன் கிராமர்’, ‘கீன் ஆன்’, ‘டிபெண்டன்ட் ஆன்’. எதிர்ச்சொல்லான ‘இன்டிபெண்டன்ட்’ மட்டும் ‘ஆஃப்’ கொள்ளும்: ‘இன்டிபெண்டன்ட் ஆஃப் ஹெர் பேரன்ட்ஸ்’.

அபவுட்: எதைப் பற்றிய உணர்வு என்பதைச் சொல்லும். ‘வொரீட் அபவுட்’, ‘எக்ஸைட்டட் அபவுட்’, ‘ஹேப்பி அபவுட்’. தமிழின் ‘பற்றி’யோடு நன்கு பொருந்துவதால் இதில் பிழை குறைவு.

ஒரே பெயரடை, வேறு வேறு துணை

பிழை பொருளையே மாற்றிவிடும் இடம் இதுதான். எனவே இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும்.

குட்: ‘குட் அட் மியூசிக்’ என்றால் இசையில் திறமை உடையவர். ‘குட் ஃபார் தி ஐஸ்’ என்றால் கண்ணுக்கு நல்லது. ‘ஷி வாஸ் குட் டு அஸ்’ என்றால் எங்களிடம் அன்பாக நடந்துகொண்டார். ‘குட் வித் சில்ட்ரன்’ என்றால் குழந்தைகளோடு பழகும் பக்குவம் உடையவர். மருத்துவமனை செவிலியருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது இந்த நான்கில் எது என்பது முக்கியம்.

சாரி: ‘ஐ ஆம் சாரி அபவுட் தி டிலே’ என்றால் தாமதத்துக்கு வருந்துகிறேன். ‘ஐ ஆம் சாரி ஃபார் பீயிங் லேட்’ என்றாலும் மன்னிப்பே. ஆனால் ‘ஐ ஆம் சாரி ஃபார் ஹிம்’ என்று ஓர் ஆளைச் சேர்த்தால் அவர் மேல் இரக்கப்படுகிறேன் என்று பொருள். நேரில் ஒருவரிடம் ‘ஐ ஆம் சாரி ஃபார் யூ’ என்றால் அவரைப் பரிதாபத்துக்கு உரியவராக்குகிறோம். சில நேரம் அது குத்தலாகவும் ஒலிக்கும். துக்கம் விசாரிக்கும்போது ‘ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்பதே முறை.

டயர்ட்: ‘டயர்ட் ஃப்ரம் வாக்கிங்’ என்றால் நடந்து நடந்து உடல் களைத்தது. ‘டயர்ட் ஆஃப் வாக்கிங்’ என்றால் நடப்பதே சலித்துவிட்டது. முதலாவதற்கு ஓய்வு போதும். இரண்டாவதற்குப் போதாது. மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில், வேலை மிகுதியால் களைப்பு என்று சொல்ல நினைத்து ‘டயர்ட் ஆஃப் மை ஒர்க்’ என்று எழுதினால், வேலையே வெறுத்துவிட்டது என்று அவர் படிப்பார்.

ரெஸ்பான்ஸிபிள்: எந்தக் காரியத்துக்குப் பொறுப்போ அதற்கு ‘ஃபார்’, யாருக்குப் பதில் சொல்ல வேண்டுமோ அவருக்கு ‘டு’. ஆய்வகத்துக்குப் பொறுப்பேற்று, தலைமையாசிரியருக்குப் பதில் சொல்பவர் ‘ரெஸ்பான்ஸிபிள் டு தி ஹெட்மாஸ்டர் ஃபார் தி லேப்’. தமிழில் இரண்டுக்கும் ‘கு’ வருவதால் இங்கே கவனம் தேவை. ‘கிரேட்ஃபுல்’ என்பதும் இதே அமைப்பு: ஆளுக்கு ‘டு’, உதவிக்கு ‘ஃபார்’.

ஃபெமிலியர்: எழுவாய் மாறினால் துணையும் மாறும். ‘ஹி இஸ் ஃபெமிலியர் வித் திஸ் ரோட்’ என்றால் அவருக்கு இந்தச் சாலை பழக்கம். ‘திஸ் ரோட் இஸ் ஃபெமிலியர் டு ஹிம்’ என்றால் இந்தச் சாலை அவருக்குப் பழக்கமானது.

கைண்ட்: ‘ஷி வாஸ் கைண்ட் டு மி’ என்றால் என்னிடம் அன்பு காட்டினார். ‘இட் வாஸ் கைண்ட் ஆஃப் யூ டு கம்’ என்றால் நீங்கள் வந்தது உங்கள் நல்ல மனத்தைக் காட்டுகிறது. ‘டு’ அன்பைப் பெற்றவரைச் சுட்டுகிறது. ‘ஆஃப்’ அன்பு செய்தவரைச் சுட்டுகிறது.

கன்சர்ன்ட்: ‘கன்சர்ன்ட் அபவுட் தி ரெயின்’ என்றால் மழையைப் பற்றிய கவலை. ‘திஸ் சாப்டர் இஸ் கன்சர்ன்ட் வித் ரெயின்’ என்றால் இந்த அத்தியாயத்தின் பொருள் மழை. பின்னதில் கவலை இல்லை.

காரணம் சொல்லக்கூடிய சில இணைகள்

பழைய ஆங்கிலத்திலும் தமிழைப்போல் பெயருக்குப் பின் வேற்றுமை விகுதிகள் இருந்தன. நிறைவைக் குறிக்கும் ‘ஃபுல்’ போன்ற பெயரடைகள் உடைமை வேற்றுமையில் அமைந்த பெயரை ஏற்றன. காலப்போக்கில், குறிப்பாக 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதை ஒட்டிய நூற்றாண்டுகளில், இந்த விகுதிகள் தேய்ந்து மறைந்தன. அவற்றின் வேலையை முன்னிடைச்சொற்கள் ஏற்றுக்கொண்டன. உடைமை வேற்றுமையின் இடத்துக்கு வந்தது பெரும்பாலும் ‘ஆஃப்’. அந்தத் தொகுதி இன்றும் பெரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இலத்தீனிலிருந்து வந்த சொற்கள் சில தமக்குள்ளேயே குறிப்பு வைத்திருக்கின்றன. ‘டிஃப்ரன்ட்’ என்பதன் இலத்தீன் வேருக்குப் பிரித்துக் கொண்டுசெல்லுதல் என்பது பொருள். பிரிவுக்கு உரிய ‘ஃப்ரம்’ அதனோடு இயல்பாகச் சேர்கிறது. ‘ஆப்சென்ட்’ என்பதன் முதல் பகுதியும் விலகலைக் குறிப்பதே, அதற்கும் ‘ஃப்ரம்’. ‘டிபெண்டன்ட்’ என்பதன் வேர் தொங்குதல். ஆணியில் சட்டை தொங்குவதை நினைத்துக்கொண்டால் ‘ஆன்’ மறக்காது.

‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’, ‘பிரையர்’ ஆகியவை இலத்தீனில் ஏற்கெனவே ஒப்பீட்டு நிலையில் இருந்த சொற்கள். ஆங்கில ஒப்பீட்டுப் பெயரடைகளுக்கு வரும் ‘தேன்’ இவற்றுக்கு வராது, ‘டு’ வரும். இவற்றுக்கு முன் ‘மோர்’ சேர்த்து ‘மோர் சுப்பீரியர்’ என்பதும் இதே காரணத்தால் தவறு. அலுவலகக் கடிதங்களில் ‘சீனியர் தேன்’ என்று எழுதும் பழக்கம் நம்மிடையே மிகுதி.

முன்னிடைச்சொல் ஏற்காத பெயரடைகள்

‘ஒர்த்’, ‘லைக்’, ‘நியர்’ ஆகியவை விலக்கு. ‘திஸ் புக் இஸ் ஒர்த் ரீடிங்’, இந்தப் புத்தகம் படிக்கத் தக்கது. ‘ஷி இஸ் லைக் ஹெர் மதர்’, அவள் அம்மாவைப் போன்றவள். ‘தி ஸ்கூல் இஸ் நியர் தி டேங்க்’, பள்ளி குளத்தருகே இருக்கிறது. பொருளில் நெருங்கிய ‘வொர்தி’ ‘ஆஃப்’ கேட்கும். ‘சிமிலர்’, ‘க்ளோஸ்’ இரண்டும் ‘டு’ கேட்கும். ‘பிஸி’ பெயர்ச்சொல்லோடு ‘வித்’ கொள்ளும்: ‘பிஸி வித் ஹோம்ஒர்க்’. வினையோடு எதுவும் கொள்ளாது: ‘பிஸி ரைட்டிங் எ லெட்டர்’.

வினை தொடர்ந்தால் என்ன செய்வது

முன்னிடைச்சொல்லுக்குப் பின் வினை வந்தால் அது ‘இங்’ ஈறு பெற்றுத் தொழிற்பெயர்போல் நிற்கும்: ‘இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்’, ‘டயர்ட் ஆஃப் வெயிட்டிங்’, ‘குட் அட் டிராயிங்’. இந்த விதிக்கு உட்பட்டும் பலரைத் தடுமாற வைப்பது ‘அக்கஸ்டம்ட் டு’. இதிலுள்ள ‘டு’ முன்னிடைச்சொல் என்பதால் ‘அக்கஸ்டம்ட் டு வாக்கிங்’ என்று எழுத வேண்டும். ‘ரெடி டு கோ’, ‘ஹேப்பி டு ஹெல்ப்’ ஆகியவற்றில் உள்ள ‘டு’ வேறு. அது வினையெச்சத்தின் பகுதி.

‘தட்’ என்று தொடங்கும் துணைவாக்கியம் வந்தால் முன்னிடைச்சொல் விழுந்துவிடும். ‘ஐ ஆம் ப்ரௌட் ஆஃப் யூ’ என்பது ‘ஐ ஆம் ப்ரௌட் தட் யூ வன்’ ஆகும். ‘ப்ரௌட் ஆஃப் தட் யூ வன்’ என்று வராது.

கேள்வியில் முன்னிடைச்சொல் வாக்கிய இறுதிக்குப் போகும். எதைக் கண்டு பயப்படுகிறாய் என்பது ‘வாட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப்?’. யார் மேல் கோபம் என்பது ‘ஹூ ஆர் யூ ஆங்ரி வித்?’. தமிழில் ‘எதை’, ‘யார் மேல்’ என்று வினாச்சொல்லோடு உருபும் ஒட்டி முதலில் வந்துவிடுவதால், நம் மாணவர்கள் இறுதியில் வரும் முன்னிடைச்சொல்லை விட்டுவிடுகிறார்கள். ‘வாட் ஆர் யூ அஃப்ரெய்ட்?’ என்பது முற்றுப்பெறாத கேள்வி.

வட்டார வேறுபாடுகள்

ஆங்கிலம் பேசுவோரிடையேயும் எல்லாம் ஒன்றாக இல்லை. ‘டிஃப்ரன்ட் ஃப்ரம்’ எங்கும் ஏற்கப்படுவது. பிரித்தானியப் பேச்சில் ‘டிஃப்ரன்ட் டு’, அமெரிக்க வழக்கில் ‘டிஃப்ரன்ட் தேன்’ ஆகியவற்றையும் கேட்கலாம். ஓர் ஆளின் மேல் கோபம் என்பதற்கு ‘ஆங்ரி வித்’, ‘ஆங்ரி அட்’ இரண்டும் உண்டு. ஒரு செய்தியின் மேல் கோபம் என்றால் ‘அபவுட்’ அல்லது ‘அட்’. திரைப்படத்தில் வேறு விதமாகக் கேட்டதும் பாடநூல் தவறு என்று முடிவு செய்துவிட வேண்டாம்; இரண்டும் வழக்கில் இருக்கக்கூடும்.

கற்கும் முறை

நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வது தேர்வு முடியும் வரைதான் நிற்கும். கீழ்க்கண்ட வழிகள் வகுப்பறையில் பயன் தந்தவை.

1. பெயரடையைத் தனியாக எழுதாமல் துணையோடு எழுதுக. குறிப்பேட்டில் ‘ப்ரௌட்’ என்று எழுதாமல் ‘ப்ரௌட் ஆஃப்’ என்றே எழுதுக.

2. ஒவ்வோர் இணைக்கும் உங்கள் வீட்டைப் பற்றி ஓர் உண்மை வாக்கியம் அமைக்க. ‘மை கிராண்ட்மதர் இஸ் ஃபாண்ட் ஆஃப் காஃபி’ என்பது பாட்டி உள்ள வீட்டில் மறக்காது.

3. நாளுக்கு 3 இணை போதும். ஒரு மாதத்தில் 90 ஆகிவிடும். அன்றாடப் பேச்சின் பெரும்பகுதிக்கு அது போதுமானது.

4. ஐயம் வந்தால் அகராதியில் பெயரடையைத் தேடுக. முன்னிடைச்சொல்லைத் தேடினால் விடை எளிதில் கிடைக்காது. கற்போருக்கான அகராதிகள் பெயரடையின் எடுத்துக்காட்டு வாக்கியத்திலேயே துணைச்சொல்லையும் தருகின்றன.

5. தமிழ் உருபு எங்கே வழி தவறச் செய்கிறதோ, அந்த இணைகளை மட்டும் தனிப்பக்கத்தில் குறித்து வைக்க. உங்கள் பிழைகளின் பட்டியல்தான் உங்களுக்கு உரிய பாடநூல்.

பயிற்சி

கோடிட்ட இடத்தில் தகுந்த முன்னிடைச்சொல்லை இடுக. ஒன்றுக்கு எதுவும் தேவையில்லை.

1. மை பிரதர் இஸ் குட் ____ டிராயிங்.
2. ஹெர் ஐடியா இஸ் சிமிலர் ____ மைன்.
3. வி ஆர் ப்ரௌட் ____ அவர் டீம்.
4. ஹி வாஸ் ஆப்சென்ட் ____ ஸ்கூல்.
5. மதுரை இஸ் ஃபேமஸ் ____ இட்ஸ் டெம்பிள்.
6. தி ரிவர் இஸ் ஃபுல் ____ ஃபிஷ்.
7. ஐ ஆம் நாட் இன்ட்ரஸ்டட் ____ கிரிக்கெட்.
8. தி ஃபில்ம் இஸ் ஒர்த் ____ சீயிங்.
9. மிஸ்டர் ராஜன் இஸ் சீனியர் ____ மி.
10. தி பாய் இஸ் லாஸ்ட் இன் தி ஃபாரஸ்ட். வி ஆர் அஃப்ரெய்ட் ____ ஹிம்.

விடைகள்: 1. அட், 2. டு, 3. ஆஃப், 4. ஃப்ரம், 5. ஃபார், 6. ஆஃப், 7. இன், 8. எதுவும் தேவையில்லை, 9. டு, 10. ஃபார்.

பத்தாவதில் ‘ஆஃப்’ என்று எழுதியவர்கள், கட்டுரையின் தொடக்கத்தில் வந்த விடுப்புக் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவர் அப்படி எழுதியிருந்தால் சிரிக்காமல் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பிழை அவர் தமிழில் சரியாக யோசித்ததால் வந்தது.